போத்தும் வேர் ஊக்கியும்: தண்டுவழிப் பயிர்ப்பெருக்கத்தில் ஆக்சினின் பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

தண்டுத் துண்டுகளை நட்டுப் புதிய செடிகளைப் பெறும் முறையில் வேர் ஊக்கிகளின் பயன்பாடு இன்று பரவலாகியுள்ளது. வீட்டுத் தோட்டத்திலிருந்து வணிக நாற்றங்கால் வரை இவை வாங்கப்படுகின்றன. எனினும் எந்தச் செடிக்கு இவை தேவை, எந்தச் செடிக்குத் தேவையில்லை, எந்தச் செடிக்கு இட்டும் பயனில்லை என்னும் தெளிவு போதிய அளவில் இல்லை. வேற்றிட வேர் தோன்றும் முறை, ஆக்சின் கண்டறியப்பட்ட வரலாறு, செறிவு, இடும் முறை, தாய்ச்செடியின் பருவம், சூழல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தண்டுத் துண்டில் ஏற்கெனவே உள்ள வேர்விடும் திறனை வேர் ஊக்கி விரைவுபடுத்துகிறதேயன்றி, இல்லாத திறனை உண்டாக்குவதில்லை என்பதை இது நிறுவ முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: வேர் ஊக்கி, ஆக்சின், வேற்றிட வேர், போத்து, கரணை, தண்டுத் துண்டு, நாற்றங்கால்.

முன்னுரை

விதையின்றிப் பயிரைப் பெருக்குதல் தமிழக வேளாண்மையில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். முருங்கையும் கிளுவையும் போத்தாக நடப்படுகின்றன. கரும்பு கரணையாகவும், மரவள்ளி குச்சியாகவும், வெற்றிலை கொடியாகவும் நடப்படுகின்றன. மல்லிகையும் கொய்யாவும் பதியம் போடப்படுகின்றன. மாவிற்கு ஒட்டுக் கட்டுதல் வழக்கம். ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு முறை நிலைபெற்றதற்குக் காரணம் உழவரின் விருப்பமன்று; அந்தந்தச் செடியின் இயல்பேயாகும். எளிதில் வேர்விடும் செடி வெட்டி நடப்பட்டது. வெட்டியபின் வேர்விடும்வரை உயிரோடிருக்க இயலாத செடி, தாயோடு இணைந்த நிலையிலேயே பதியமாக வேர்விட வைக்கப்பட்டது. அதுவும் கடினமான செடி, வேறொரு செடியின் வேர்மீது ஒட்டப்பட்டது.

இத்தெளிவான பகுப்பின் நடுவே, கடந்த சில பத்தாண்டுகளில் வேர் ஊக்கி என்னும் பொருள் புகுந்துள்ளது. வெண்ணிற மாவாகவும், நீர்மமாகவும், களிமமாகவும் இது விற்கப்படுகிறது. இதனைத் தொட்டு நட்டால் எந்தக் கிளையும் வேர்விடும் என்ற எண்ணமும் உடன் பரவியுள்ளது. இவ்வெண்ணத்தை நம்பிப் பணமும் பருவமும் இழப்போர் உளர். மறுபுறம், வேர் ஊக்கி வெறும் வணிகப் பொருள் என்று ஒதுக்கி, கிடைக்கக்கூடிய பயனை இழப்போரும் உளர். இவ்விரு நிலைகளும் பொருந்தாதவை. வேர் ஊக்கி செய்வது என்ன, செய்யாதது என்ன என்பதை அறிந்தால் மட்டுமே அதனை அளவறிந்து பயன்படுத்த இயலும்.

வேற்றிட வேரும் அதன் தோற்றமும்

விதையின் முளைவேரிலிருந்து தோன்றாமல் தண்டு, கிளை, இலை போன்ற பிற உறுப்புகளிலிருந்து தோன்றும் வேர் வேற்றிட வேர் எனப்படும். ஆலமரத்தின் விழுது இதற்கு யாவரும் அறிந்த சான்றாகும். கிளையிலிருந்து வேர் பிறக்கலாம் என்பதை விழுது கண்முன் காட்டுகிறது. தண்டுவழிப் பயிர்ப்பெருக்கம் முழுவதும் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டது.

வேற்றிட வேர்கள் இருவகையில் தோன்றுகின்றன. முதல் வகையில், கிளை தாயோடு இருக்கும்போதே அதன் திசுக்களுள் வேர்த் தோற்றுவிகள் உருவாகி உறங்குநிலையில் இருக்கும். வெட்டி ஈர மண்ணில் நட்டவுடன் அவை வளர்ந்து வெளிவரும். கரும்பின் ஒவ்வொரு கணுவிலும் மொட்டினை ஒட்டிச் சிறு புள்ளிகள் வளையமாக அமைந்திருப்பதைக் காணலாம். அவை வேர்த் தோற்றுவிகளேயாகும். கரணை நட்ட சில நாள்களிலேயே வேர் காண்பதற்கு இதுவே காரணம். கொழுகொம்பைப் பற்றி ஏறும் வெற்றிலையும் மிளகும் கணுக்களில் வெளிப்படையாகவே வேர்களைக் கொண்டுள்ளன.

இரண்டாம் வகையில், வெட்டுவதற்கு முன் தண்டினுள் வேருக்கான அடையாளம் ஏதும் இராது. வெட்டுக்காயம் ஏற்பட்ட பின்னரே, கேம்பியத்தை ஒட்டியோ இளம் புளோயம் பகுதியிலோ உள்ள சில செல்கள் தம் பழைய பணியைக் கைவிட்டு, மீண்டும் பகுபடும் ஆற்றலைப் பெறுகின்றன. இது வேறுபாடிழத்தல் எனப்படும். அச்செல்கள் பகுபட்டு வேர்த் தொடக்கமாகத் திரளும். அத்திரள் வேர்முனையின் அமைப்பைப் பெற்றுத் தண்டின் சாற்றுக்குழாய்களோடு இணையும். இறுதியில் புறணியையும் தோலையும் துளைத்து வேர் வெளிவரும்.

வெட்டுவாயில் வெண்மையாகத் திரளும் கேலஸ் என்னும் திசுவை வேரின் முன்னறிவிப்பாகப் பலர் கருதுவர். பெரும்பாலான செடிகளில் கேலஸ் உருவாதலும் வேர் உருவாதலும் ஒரே சூழலில் நிகழும் இரு தனிச் செயல்களாகும். கேலஸ் பெருகியும் வேர் தோன்றாமல் அழியும் துண்டுகள் உண்டு. ஆகவே கேலஸைக் கண்டு வெற்றி என முடிவு செய்தல் பொருந்தாது.

ஆக்சின் கண்டறியப்பட்ட வரலாறு

வேரை உண்டாக்கும் தனிப்பொருள் ஒன்று இலைகளில் உருவாகித் தண்டின் கீழ்நோக்கிச் செல்கிறது என்னும் கருத்தை ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் 1880களின் தொடக்கத்தில் முன்வைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸ் டார்வினும் புல்வகை நாற்றுகளின் முளைக்குருத்து உறையை ஆராய்ந்தனர். ஒளியை உணரும் நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டல் கீழே சென்று வளைவை உண்டாக்குகிறது என்று அவர்கள் காட்டினர்.

அத்தூண்டல் ஒரு வேதிப்பொருளே என்பதை நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட் 1920களின் பிற்பகுதியில் மெய்ப்பித்தார். ஓட்ஸ் நாற்றின் நுனிகளை வெட்டி அகார் துண்டுகளின்மேல் வைத்து, பின்னர் அத்துண்டுகளை நுனியற்ற நாற்றுகளின் ஒரு பக்கத்தில் அவர் பொருத்தினார். நுனி இல்லாமலேயே நாற்று வளைந்தது. அப்பொருள் ஆக்சின் எனப் பெயர் பெற்றது. வளர்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இண்டோல் அசிட்டிக் அமிலமே தாவரங்களின் முதன்மையான இயற்கை ஆக்சின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1930களின் நடுப்பகுதியில் இவ்வமிலம் தண்டுத் துண்டுகளில் வேரைத் தூண்டும் என்பதும் உறுதிப்பட்டது.

எனினும் இண்டோல் அசிட்டிக் அமிலம் நாற்றங்கால் பயன்பாட்டுக்கு ஏற்றதாக அமையவில்லை. அது ஒளியில் எளிதில் சிதையும். தாவரத்தின் நொதிகளும் அதனை விரைவில் அழித்துவிடும். 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சிம்மர்மன், வில்காக்சன் ஆகியோர் இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலமும் வேரைத் தூண்டுவதில் சிறந்தவை எனக் காட்டினர். இன்றுவரை சந்தையிலுள்ள வேர் ஊக்கிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ கொண்டவையாகும். இண்டோல் பியூட்டிரிக் அமிலம் ஒப்பீட்டளவில் நிலைத்திருப்பது; வெட்டுவாயை விட்டு எளிதில் நகர்ந்து செல்லாதது; செடிக்கு நச்சாகும் வாய்ப்பும் குறைந்தது. தாவரச் செல்களுக்குள் இதன் ஒரு பகுதி இண்டோல் அசிட்டிக் அமிலமாக மாற்றப்படுகிறது. செடிக்கு வேண்டிய ஆக்சினைச் சிறிது சிறிதாக வழங்கும் சேமிப்பாக இதனைக் கருதலாம்.

செம்பருத்தி காட்டிய உண்மை

ஆக்சின் கண்டறியப்பட்டபின், வேர்விடாத செடி இனி இல்லை என்னும் நம்பிக்கை எழுந்தது இயல்பே. அந்நம்பிக்கையின் எல்லையைக் காட்டிய ஆய்வுகளுள் வான் ஓவர்பீக் குழுவினர் 1945, 1946 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட செம்பருத்தி ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. எளிதில் வேர்விடும் செந்நிறப் பூவகை ஒன்றையும், எளிதில் வேர்விடாத வெண்ணிறப் பூவகை ஒன்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். வெண்ணிற வகையின் துண்டுகள் ஆக்சின் இட்டும் வேர்விடவில்லை. அத்துண்டுகளின்மேல் செந்நிற வகையின் இலையுள்ள பகுதியை ஒட்டி ஆக்சின் இட்டபோது வேர் தோன்றியது. ஆக்சின் அல்லாத வேறொரு காரணி இலைகளிலிருந்து வந்து சேர வேண்டியுள்ளது என்பதை இது உணர்த்தியது. இலைகள் வழங்கும் அப்பயனில் பெரும்பகுதி சர்க்கரையும் நைட்ரஜன் சேர்மங்களுமே என்று அடுத்த ஆய்வு காட்டியது.

இத்தகைய ஆய்வுகளின் வழியே தண்டுத் துண்டுகளை மூவகையாகப் பகுத்துக் காணும் முறை உருவாயிற்று. முதல் வகையினவற்றில் ஆக்சினும் உண்டு. பிற காரணிகளும் உண்டு. இவை நட்டவுடன் வேர்விடும். வேர் ஊக்கி இவற்றுக்குத் தேவையில்லை. இரண்டாம் வகையினவற்றில் பிற காரணிகள் போதிய அளவில் உண்டு. ஆக்சின் மட்டுமே குறைவு. இவற்றுக்கு வேர் ஊக்கி பெரும்பயன் தரும். மூன்றாம் வகையினவற்றில் ஆக்சினோடு வேறு காரணிகளும் குறைவு. அல்லது வேரைத் தடுக்கும் பொருள்கள் மிகுதி. இவற்றுக்கு வேர் ஊக்கி மட்டும் இட்டுப் பயனில்லை.

இப்பகுப்பைத் தமிழக வழக்கோடு ஒப்பிட்டு நோக்கினால் ஒரு பொருத்தம் புலப்படும். போத்து, கரணை, குச்சி, கொடி என நேரடியாக வெட்டி நடப்படுபவை பெரிதும் முதல் வகையைச் சார்ந்தவை. மாவைப் போல ஒட்டுக்கு உரியவற்றுள் பல மூன்றாம் வகையை அணுகி நிற்பவை. இடைப்பட்ட செடிகளே வேர் ஊக்கியின் உண்மையான களம். ரோஜா, காகிதப்பூ, செம்பருத்தியின் பல வகைகள், மாதுளை, பல அழகுச் செடிகள் ஆகியன இக்களத்தில் அடங்கும். போத்து, கரணை முதலிய சொற்கள் அறிவியல் வகைப்பாடாக எழுந்தவை அல்ல. எனினும் நடுபொருளின் பெயரே அதன் வேர்விடும் இயல்பைச் சுட்டுமாறு அமைந்திருப்பது நோக்கத்தக்கது. முருங்கைப் போத்துக்கு வேர் ஊக்கி வாங்குதல் வீண் செலவு என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

செறிவும் இடும் முறையும்

ஆக்சினின் விளைவு அதன் செறிவைப் பொறுத்து அடியோடு மாறுவது. பூவும் பிஞ்சும் உதிர்வதைத் தடுக்க மிகக் குறைந்த அளவில் தெளிக்கப்படும் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலமே, செறிவு கூடும்போது வேர் ஊக்கியாகிறது. களைக்கொல்லியாக வயல்களில் தெளிக்கப்படும் 2,4-டி என்னும் பொருளும் ஆக்சின் வகையைச் சார்ந்ததே. எனவே சிறிது நல்லதென்றால் மிகுதி மேலும் நல்லது என்னும் கணக்கு இங்குச் செல்லாது. செறிவு மிகுந்தால் தண்டின் அடி கருகும். இலைகள் மஞ்சளித்து உதிரும். மொட்டுகள் துளிர்க்காமல் நிற்கும்.

செறிவு பொதுவாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகில், அதாவது பிபிஎம் என்று குறிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் கரைசலில் ஒரு கிராம் மருந்து இருந்தால் அது 1000 பிபிஎம். மாவு வடிவில் 0.1 விழுக்காடு என்பதும் இதற்கு இணையானது. நாற்றங்கால் நடைமுறையில் பின்வரும் அளவுகள் தொடக்கநிலை வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றன.

மென்தண்டு, இளந்தண்டுத் துண்டுகளுக்கு: 500 முதல் 1000 பிபிஎம் வரை.
பாதி முற்றிய தண்டுகளுக்கு: 1000 முதல் 3000 பிபிஎம் வரை.
முற்றிய கட்டைத்தண்டுகளுக்கு: 3000 முதல் 8000 பிபிஎம் வரை.

இடும் முறைகள் மூன்று. முதலாவது, செறிந்த கரைசலில் அடிப்பகுதியை மூன்று முதல் ஐந்து நொடி வரை நனைத்தெடுத்தல். மேலே தரப்பட்ட அளவுகள் இம்முறைக்கு உரியவை. ஒரே சீராக மருந்து சேர்வதால் வணிக நாற்றங்கால்களில் இதுவே விரும்பப்படுகிறது. இரண்டாவது, 20 முதல் 200 பிபிஎம் வரையிலான மெல்லிய கரைசலில் ஏறத்தாழ 24 மணி நேரம் ஊறவைத்தல். மூன்றாவது, டால்க் மாவில் கலந்த மருந்தில் ஈர அடியைத் தொட்டு, மிகுதியைத் தட்டிவிட்டு நடுதல். மாவு முறை எளிது. ஆனால் ஒட்டும் அளவு துண்டுக்குத் துண்டு வேறுபடும். நனைக்கும் முறைக்குரிய செறிவில் ஊறவைத்தலும், ஊறவைக்கும் செறிவில் நனைத்தலும் அடிக்கடி நேரும் பிழைகள். முன்னது துண்டைக் கொல்லும். பின்னது பயன் தராது.

இண்டோல் பியூட்டிரிக் அமிலம் தூய நிலையில் நீரில் கரைவது மிக அரிது. வேண்டிய அளவை முதலில் ஆல்கஹாலில் முழுவதும் கரைத்து, பின்னர் நீர் சேர்த்து அளவை நிறைவாக்க வேண்டும். 1000 பிபிஎம் கரைசலுக்கு ஒரு கிராம் மருந்தை 500 மில்லிலிட்டர் ஆல்கஹாலில் கரைத்து, நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கலாம். நேரடியாக நீரில் கலக்கினால் மருந்து அடியில் தங்கிவிடும்; கரைசல் வெறும் நீராகவே இருக்கும். இதன் பொட்டாசியம் உப்பு மட்டும் நீரில் நேரடியாகக் கரையும். மென்மையான துண்டுகளுக்கு ஆல்கஹால் தீங்கு செய்யக்கூடும் என்பதால் அங்கு இவ்வுப்பு ஏற்றது.

மருந்து இடும் காலமும் முக்கியமானது. வேர்த் தொடக்கம் உருவாகும் முதற்சில நாள்களிலேயே மிகுதியான ஆக்சின் தேவை. தோன்றிய வேர் நீள்வதற்கு மிகுந்த ஆக்சின் தடையாகும். ஆகவே நடும்போது ஒருமுறை இடுதல் போதும். வேர் வரத் தாமதமாகிறது என்று மீண்டும் மீண்டும் ஊற்றுதல் எதிர்விளைவைத் தரும். ஆக்சின் தண்டில் நுனியிலிருந்து அடிநோக்கிச் செல்லும் இயல்புடையது. வேரும் அடிமுனையிலேயே தோன்றும். எனவே துண்டின் மேல்முனை, கீழ்முனை மாறாமல் நடுதல் இன்றியமையாதது. மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டும் வழக்கம் இக்குழப்பத்தைத் தவிர்க்க உதவுகிறது.

நாள்தோறும் பயன்படுத்தும் கலனில் துண்டுகளை நேரடியாக அமிழ்த்தக்கூடாது. ஒரு துண்டின் நோய்க்கிருமி முழுக் கலனையும் கெடுக்கும். தேவையான அளவைத் தனியே எடுத்துக்கொண்டு எஞ்சியதை விலக்க வேண்டும். மருந்தைக் குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைக்க வேண்டும். மாவு மூச்சில் ஏறாமலும் தோலில் படாமலும் முகக்கவசமும் கையுறையும் அணிதல் நன்று.

தாய்ச்செடியின் பருவம்

ஒரே மரத்தின் இரு கிளைகள் ஒரே மருந்துக்கு இருவேறு விளைவைத் தரலாம். மரங்கள் முதிரும்போது அவற்றின் மேற்கிளைகள் வேர்விடும் திறனை இழக்கின்றன. அடிமரத்திலிருந்தும் வெட்டிய கட்டையிலிருந்தும் எழும் தளிர்கள் இளம்பருவ இயல்பைத் தக்கவைத்துக்கொள்கின்றன. தைலமரம் இதற்குச் சிறந்த சான்று. அதன் இளநாற்றுகளின் தண்டு வேர்விடும். முதிர்ந்த மரத்தின் உச்சிக்கிளை எவ்வளவு ஆக்சின் இட்டாலும் பெரும்பாலும் வேர்விடாது.

பிரேசிலின் அராக்ரூஸ் நிறுவனத்தார் தேர்ந்த மரங்களை வெட்டி, கட்டையிலிருந்து எழுந்த தளிர்களைக் கொண்டு வேர்விட வைத்து, தைலமரத் தோப்புகளைப் பெருமளவில் உருவாக்கினர். அப்பணிக்காக அதன் அறிவியலாளர்களுக்கு 1984இல் மார்கஸ் வாலன்பர்க் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் வேர்விட்ட சிறு செடிகளையே தாய்ச்செடிகளாக வைத்து, அவற்றின் குறுந்தளிர்களை அடுத்தடுத்து வெட்டி நடும் முறை அங்கு வளர்ந்தது. தாய்ச்செடி இவ்வாறு இளமையாக வைக்கப்பட்டபோது வேர் ஊக்கியின் தேவை பெரிதும் குறைந்தது. பல வகைகளில் அது இல்லாமலேயே வேர் வந்தது. இந்தியாவிலும் தைலமரம், சவுக்கு ஆகியவற்றின் தேர்ந்த வகைகள் இளந்தளிர்களிலிருந்து பெருக்கப்படுகின்றன. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இத்துறையில் தொடர்ந்து பணியாற்றிவருகிறது.

மருந்தின் செறிவைக் கூட்டுவதைவிடத் தாய்ச்செடியைக் கவாத்து செய்து இளந்தளிர் பெறுதல் மேலான பயன் தரும் என்பதே இதன் சாரம். இதே முறையைச் சிறு நாற்றங்காலும் கையாளலாம். துண்டு எடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்த் தாய்ச்செடியைக் கவாத்து செய்து, நீரும் ஊட்டமும் அளவாகத் தந்து, புதிதாக எழும் நலமான தளிர்களை மட்டும் எடுக்கலாம். பூவும் காயும் தாங்கிய கிளைகளையும், மிகுந்த தழைச்சத்தால் கொழுத்த மென்கிளைகளையும் தவிர்க்க வேண்டும்.

இலையும் ஈரமும் காற்றும்

துண்டில் வேர் வருமுன் நீரை உறிஞ்சும் வழி மிகக் குறைவு. இலையோ தொடர்ந்து நீரை இழக்கிறது. இலையை முழுவதும் நீக்கினால் நீரிழப்புக் குறையும். ஆனால் சர்க்கரையும் பிற காரணிகளும் கிடைக்காமற்போகும் என்பதைச் செம்பருத்தி ஆய்வு காட்டியது. ஆகவே இலையுள்ள துண்டுகளில் அடியிலைகளை நீக்கி மேலே சில இலைகளை மட்டும் வைத்தலும், பெரிய இலையைப் பாதியாக நறுக்குதலும் இடைவழியாகும். சுற்றிலும் ஈரப்பதம் மிக்க காற்று இருந்தால் இலைகள் வாடாமல் உணவாக்கும். பெரிய நாற்றங்கால்களில் நுண்பனித் தெளிப்பும், வீட்டில் நெகிழிப் பை மூடியும் இதே வேலையைச் செய்கின்றன. நேர்வெயிலும் காரிருளும் ஆகா. நிழல்வலையினூடே வரும் ஒளி ஏற்றது.

நடும் ஊடகம் ஈரத்தைத் தாங்க வேண்டும். அதே வேளையில் காற்றோட்டமும் தர வேண்டும். வேர்த் தொடக்கச் செல்கள் பகுபட ஆக்சிஜன் தேவை. நீர் தேங்கிய களிமண்ணில் வேர் ஊக்கி இட்ட துண்டும் அழுகும். கழுவிய மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த ஊடகம் பொதுவாக ஏற்றது. நார்க்கழிவில் உப்பு மிகுந்திருந்தால் கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

இளநீர், தேன், சாணம்

வேர் ஊக்கிக்கு மாற்றாக இளநீர், தேன், சோற்றுக்கற்றாழைச் சாறு முதலியவை பரிந்துரைக்கப்படுகின்றன. இளநீரில் வளர்ச்சிப் பொருள்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றுள் சைட்டோகைனின் வகையும் அடங்கும். ஆக்சின் மிகுந்து சைட்டோகைனின் குறைந்தால் வேரும், சைட்டோகைனின் மிகுந்தால் தளிரும் தோன்றும் என்பதை ஸ்கூக், மில்லர் ஆகியோர் 1957இல் புகையிலைத் திசுவில் நிறுவினர். ஆகவே இளநீரை வேர் ஊக்கிக்கு நிகராகக் கொள்ள இயலாது. தேன் நுண்ணுயிரிகளை அடக்கலாம்; அது ஆக்சின் மூலமன்று. எளிதில் வேர்விடும் செடிகளில் இவற்றைத் தொட்டு நட்டு வேர் வந்தால், தொடாமல் நட்டாலும் வந்திருக்கும் என்பதே பெரும்பாலும் உண்மை.

முருங்கைப் போத்தின் மேல்முனையில் சாணம் அப்பும் வழக்கம் இவற்றினின்று வேறுபட்டது. அது வேரைத் தூண்டுவதற்கு அன்று. வெட்டுவாய் காய்ந்து போத்து உலராமல் காப்பதற்கே. அடிமுனையில் அப்பாமல் மேல்முனையில் அப்புவதே அதன் நோக்கத்தைத் தெளிவாக்குகிறது. அவ்வகையில் அது காரணகாரியத்தோடு அமைந்த வழக்கமாகும்.

வேர் ஊக்கியால் ஆகாதவை

வேர் வந்துவிட்டால் பயிர் வந்துவிட்டது எனக் கருதுதல் பிழை. மிளகின் ஓடுகொடியிலிருந்து எடுத்த துண்டு கொழுகொம்பில் ஏறும் கொடியாகும். காய்க்கும் பக்கக்கிளையிலிருந்து எடுத்த துண்டு வேர்விட்டாலும் ஏறாது. புதர் மிளகாகவே நிற்கும். வேர் ஊக்கி இரண்டுக்கும் வேர் தரும், இயல்பை மாற்றாது. தொட்டியில் வளர்க்க விரும்புவோர்க்குப் புதர் மிளகு ஏற்றதே. தோப்பில் மரத்தின்மேல் ஏற்ற நினைத்து அதனை வாங்கியவருக்கு அது இழப்பு.

அவ்வாறே நோயும் தண்டின்வழியே தொடர்கிறது. மரவள்ளியின் தேமல் நோய் நோயுற்ற செடியின் குச்சிகளின் மூலமும் புதிய வயலுக்குச் செல்கிறது. நச்சுயிரி தாக்கிய தாயிலிருந்து எடுத்த துண்டுக்கு எந்த வேர் ஊக்கியும் மருந்தாகாது. நன்கு வேர்விட்ட நோய்ச்செடி, வேர்விடாமல் இறந்த நோய்த்துண்டைவிடத் தீங்கானது. ஆகவே தாய்ச்செடியைத் தேர்தலே முதற்பணி. மருந்தைத் தேர்தல் அதற்குப் பிற்பட்டது.

பயனை அளந்தறிதல்

வேர் ஊக்கியின் பயனை நாற்றங்காலில் அறிவதற்கு எளிய வழி ஒப்பீடாகும். ஒரே தாய்ச்செடியிலிருந்து, ஒரே நாளில், ஒரே பருமனில் எடுத்த நூறு துண்டுகளைக் கலந்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஐம்பதை மருந்தின்றியும் ஐம்பதை மருந்திட்டும் ஒரே ஊடகத்தில் நட வேண்டும். மருந்து ஆல்கஹால் கரைசலாயின், மருந்தில்லாத் தொகுதியையும் அதே அளவு ஆல்கஹால் கலந்த நீரில் நனைத்தல் முறை. இருவேறு செறிவுகளை ஒப்பிட வேண்டுமாயின் மூன்றாம் தொகுதி ஒன்றைச் சேர்க்கலாம்.

கணக்கெடுக்கும்போது துளிரை எண்ணக்கூடாது. தண்டில் சேமித்த உணவைக் கொண்டு மொட்டு முதலில் விரியும். வேர் இல்லாமலேயே துளிர் பச்சையாக நிற்கும். சேமிப்புத் தீர்ந்தபின் அது கருகும். இத்துளிரை நம்பி விற்பனைக்கு வைக்கப்படும் செடிகள் வாங்கியவரிடம் சென்று சேர்ந்தபின் இறக்கின்றன. ஆகவே துண்டை மெல்ல எடுத்துப் பார்த்து, வேர்விட்டவை எத்தனை, ஒவ்வொன்றிலும் வேர்கள் எத்தனை, அவை தண்டின் ஒருபுறம் மட்டும் உள்ளனவா சுற்றிலும் உள்ளனவா என்பவற்றைக் குறிக்க வேண்டும். பை மாற்றி ஒரு மாதம் கழித்து உயிரோடிருப்பவை எத்தனை என்பதே இறுதிக் கணக்கு.

இரு தொகுதிகளிலும் வேர்விட்டவை ஏறத்தாழ ஒரே அளவாயின் அச்செடிக்கு மருந்து தேவையில்லை. எண்ணிக்கை ஒன்றாயினும் வேர் முந்தி வந்தாலோ மிகுந்து வந்தாலோ, நாற்றங்காலில் மிச்சமாகும் நாள்களைக் கொண்டு செலவை ஒப்பிடலாம். இரண்டிலும் வேர் இல்லையாயின் செறிவைக் கூட்டுமுன் தாய்ச்செடியின் பருவத்தையும் சூழலையும் திருத்த வேண்டும். அதன்பின்னும் வேர் வாராவிடில் அச்செடிக்குப் பதியமோ ஒட்டோ உரியது எனக் கொள்ளலாம்.

முடிவுரை

வேர் ஊக்கி, செடி தன் இலைகளிலும் மொட்டுகளிலும் இயல்பாகவே உருவாக்கும் ஒரு பொருளின் பணியை வெளியிலிருந்து மிகுவிக்கும் கருவியாகும். ஆக்சின் மட்டும் குறைவாயுள்ள துண்டில் அது வேரை விரைவாகவும் மிகுதியாகவும் சீராகவும் தோற்றுவிக்கிறது. குறைவற்ற துண்டில் அது மிகை. வேறு குறைகள் உள்ள துண்டில் அது துணையாகாது. செறிவு, இடும் முறை, காலம் ஆகிய மூன்றும் பொருந்தாவிடில் தீங்கும் செய்யும். நலமுள்ள தாய்ச்செடி, இளம்பருவத் தளிர், அளவான இலை, காற்றோட்டமுள்ள ஈர ஊடகம் ஆகியவை அமைந்த பின்னரே அதன் பயன் முழுமையாக வெளிப்படும்.

எதனைப் போத்தாக நடலாம், எதனைப் பதியம் போட வேண்டும், எதற்கு ஒட்டு வேண்டும் என்னும் பகுப்பைத் தமிழக உழவர் மரபு முன்னரே கொண்டுள்ளது. வேர் ஊக்கியை வாங்குமுன் அப்பகுப்பில் தம் செடி எங்கு நிற்கிறது எனக் கண்டறிதல் பயன்தரும் முதற்படியாகும். வட்டாரந்தோறும் வழங்கும் நடுபொருட் பெயர்களையும் அவற்றோடு இயைந்த நடைமுறைகளையும் தொகுத்து, அவற்றை வேர்விடும் இயல்போடு ஒப்பிட்டு ஆராய்தல் மொழியாய்வுக்கும் வேளாண் ஆய்வுக்கும் ஒருங்கே உதவும்.